எல்லோரும் சம்மதித்தது எப்படி? கல்மந்தை முதல் காவிரி வரை

ஐம்பது காசு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், கழிப்பறைக்கு ஒருமுறை போய்வர திருச்சியின் குடிசைப் பகுதிப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட கட்டணம் இது. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இலவசம். வாசலில் அந்தப் பகுதிப் பெண்களே முறைவைத்து உட்கார்ந்து டோக்கன் கொடுத்தார்கள். வசூல் அன்றன்றே நோட்டில் ஏறியது, பிறகு வங்கிக்குப் போனது. கழுவிவிடுபவரின் சம்பளம், பினாயில், மின்விளக்கு, மோட்டார் ரிப்பேர் எல்லாம் அந்தப் பணத்திலிருந்தே நடந்தன. 2002-இல் இந்தப் பகுதிகளில் ஒன்றான கல்மந்தை, திறந்தவெளியில் மலம் கழிப்பவர் எவரும் இல்லாத குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் குடிசைப் பகுதி என்று அது இன்றும் குறிப்பிடப்படுகிறது.

பொதுக் கழிப்பறை திருச்சிக்குப் புதிதல்ல. மாநகராட்சி கட்டிய கட்டடங்கள் அதற்கு முன்பும் இருந்தன. பராமரிக்க ஆளில்லாமல் பல பாழாயின. பெண்கள் பொழுது சாயும்வரை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். குழந்தைகள் சாக்கடையோரம் உட்கார்ந்தார்கள். சுவரும் கூரையும் ஏற்கெனவே நின்ற இடத்தில் புதிதாக வந்து சேர்ந்தது ஒன்றே ஒன்று: அங்கு வாழும் குடும்பங்களின் சம்மதம்.

அந்தச் சம்மதத்தைப் பெறுவது எளிதாக இருந்திருக்க முடியாது. இலவசமாகக் கிடைக்கவேண்டிய ஒன்றுக்கு ஏன் காசு? வாசலில் யார் உட்காருவது? ராத்திரி எத்தனை மணிவரை திறந்திருக்கும்? குடித்துவிட்டு வருகிறவரை யார் தட்டிக்கேட்பது? மிச்சப் பணம் யார் கையில்? இதில் ஒவ்வொரு கேள்வியும் தெருவை இரண்டாக்கக் கூடியது. கையைத் தூக்கச் சொல்லி எண்ணிப் பார்த்திருந்தால் பெரும்பான்மை கிடைத்திருக்கலாம். தோற்ற நூறு பேர் மறுநாள் காசு கொடுக்காமல் உள்ளே போயிருப்பார்கள், ஏற்பாடும் அத்துடன் முடிந்திருக்கும். தினமும் எல்லோரும் கடைப்பிடித்தால்தான் உயிரோடிருக்கும் ஏற்பாட்டுக்கு எல்லோருடைய ஒப்புதலும் வேண்டும்.

கோலமாவில் வரைந்த ஊர்

இந்தப் பணிக்குப் பின்னால் இருந்தது 1987-இல் திருச்சியில் தொடங்கப்பட்ட 'கிராமாலயா' தொண்டு நிறுவனம். அதை நிறுவிய எஸ். தாமோதரனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 'வாட்டர் எய்டு' அமைப்பின் ஆதரவோடும் மாநகராட்சியின் ஒத்துழைப்போடும் குடிசைப் பகுதிகளில் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் ஒருங்கிணைக்கப்பட்டன. அவற்றிலிருந்து உருவான 'ஷீ' அணிகளிடம் பொதுக் கழிப்பறைகளின் நிர்வாகம் படிப்படியாக ஒப்படைக்கப்பட்டது.

இதே காலகட்டத்தில் இந்தியாவின் தொண்டு நிறுவனங்களிடையே ஒரு பழக்கம் பரவியிருந்தது. வல்லுநர் ஊருக்குள் வந்து கேள்வித்தாளை நீட்டி, பதிலைக் குறித்துக்கொண்டு போவதை நிறுத்தினார்கள். ஊர்க்காரர்களே தரையில் ஊரை வரைந்தார்கள். கோலமாவு, செங்கல் தூள், சாம்பல், இலை, கல், புளியங்கொட்டை என்று கைக்கு எட்டியதெல்லாம் வரைபடக் கருவி ஆனது. எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்தச் சந்தில் விளக்கு கிடையாது, எந்த வீட்டில் சம்பாதிக்கும் ஆள் இல்லை என்பதெல்லாம் அந்தப் படத்தில் ஏறும். 1980-களின் கடைசியில் கர்நாடகத்தின் 'மைராடா', குஜராத்தின் ஆகாகான் கிராம ஆதரவுத் திட்டம் போன்ற அமைப்புகள் இந்த முறையைக் களத்தில் வளர்த்தன. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் சேம்பர்ஸ் அந்த நாட்களில் ஹைதராபாத்தில் தங்கி இதைக் கூர்ந்து கவனித்து, உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். பங்கேற்பு மதிப்பீடு என்று இன்று பாடப்புத்தகங்களில் இருக்கும் முறையின் கணிசமான பகுதி இந்தியக் கிராமத்துத் தரையில் உருவானது.

கோலமாவுப் படம் ஏன் பயன்படுகிறது? காகிதத்தில் எழுதினால் பேனா பிடித்தவரே எஜமானர். தரையில் வரைந்தால் படம் எல்லோர் கண்ணுக்கும் ஒரே அளவில் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட ஒரு கல்லை எடுத்து இடம் மாற்றி வைக்கலாம், தவறை அழித்துத் திருத்தலாம். சண்டையிட வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடுவிலிருக்கும் படத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். "நீ பொய் சொல்கிறாய்" என்பது "அந்தக் குழாய் அங்கே இல்லை, இங்கே" என்று மாறுகிறது. கருத்து வேறுபாடு தீராவிட்டாலும் எதைப் பற்றிய வேறுபாடு என்பது தெளிந்துவிடும். உடன்பாட்டுக்கான முதல் படி இதுதான்.

வரைவதற்கு முன் நடக்கவும் வேண்டும். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை எல்லோரும் சேர்ந்து நடந்து, ஒதுங்கும் இடங்களையும் ஓடைகளையும் குப்பைமேட்டையும் நேரில் பார்ப்பது இந்த முறையின் இன்னொரு பாதி. 2000-ஆம் ஆண்டுவாக்கில் வங்கதேசத்தின் ராஜ்ஷாஹி பகுதியில் இந்தியரான கமல் கர் இந்த நடையை மையமாக வைத்தே சமூகம் தானே முன்னின்று நடத்தும் சுகாதார இயக்கத்தைத் தொடங்கினார். அது பல நாடுகளுக்குப் பரவியது. சில இடங்களில் திறந்தவெளிக்குப் போனவர்களை விசிலடித்து அவமானப்படுத்தும் அளவுக்குத் திரிந்தும் போனது. வெட்கப்பட வைத்துப் பெற்ற சம்மதத்தின் பாரம் எப்போதும் ஏழையின் தலையில்தான் விழும். திருச்சியின் பெண்கள் பிடித்துக்கொண்டது வேறு நூலை. பயன்படுத்துபவர்களே நிர்வாகிகள், கணக்கு எல்லோருக்கும் திறந்திருக்கும், மிச்சப் பணம் அதே பகுதிக்குத் திரும்பும்.

அறையில் இல்லாதவர்களின் குரல்

கூட்டத்துக்கு வராதவர்களுக்கும் பங்குண்டு என்பதைச் சிறுவர் கழிப்பறைகள் காட்டின. பெரியவர்களுக்கான பீங்கானில் கால் வைக்கச் சின்னப் பிள்ளைகளுக்குப் பயம். இருட்டறைக்குள் தனியே போகவும் பயம். அதனால் கழிப்பறை இருந்தும் வாசலிலேயே உட்கார்ந்தார்கள். திருச்சியில் கட்டப்பட்ட குழந்தைகளுக்கான கழிப்பறைகளில் பீங்கான் சிறியது, குழி ஆழமில்லை, கட்டணம் கிடையாது. மூன்று வயதுக் குழந்தை எந்தக் கூட்டத்திலும் கை தூக்கியிருக்காது. அதன் பயத்தை அறிந்த தாய்மார்கள் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும்போதுதான் இத்தகைய தேவைகள் பேச்சுக்கு வரும். பெண்கள் நிர்வகித்த சில கழிப்பறைகளில் மாதவிலக்கு நாப்கின்களை எரிக்க அடுப்பும் சேர்ந்தது. ஆண்கள் மட்டும் அமர்ந்த கூட்டத்தில் இதை யார் எடுத்திருப்பார்கள்?

காவிரிக் கரையில் முசிறி இன்னொரு பாடம் தருகிறது. நிலத்தடி நீர்மட்டம் மேலாக இருக்கும் ஆற்றங்கரை ஊர்களில் வழக்கமான குழிக் கழிப்பறை நிரம்பும், ஊற்றுநீரையும் கெடுக்கும். 'ஸ்கோப்' அமைப்பின் எம். சுப்புராமன் (2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர்) மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே பிரித்து எருவாக்கும் கழிப்பறையை இந்தப் பகுதியில் கொண்டுவந்தார். மனிதக் கழிவை வயலுக்கு எருவாகப் போடுவது பேச்சளவில்கூட அருவருப்பை எழுப்பும் விஷயம். முசிறியில் பயன்படுத்துவோருக்குக் கட்டணம் விதிப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு முறைக்கும் பத்து காசு கொடுக்கும் ஏற்பாடு வந்தது. தயங்குகிறவரிடம் "உன் எண்ணம் தவறு" என்று வாதாடாமல், செய்து பார்க்கச் சிறிய காரணம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். வாதத்தால் கரையாத தயக்கம் சின்ன ஒத்திகையில் கரையும் என்பது இந்தத் துறையில் உழைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது.

குடிசைப் பகுதிப் பெண்களின் உழைப்பும் சேர்ந்த திருச்சி நகரம்தான் 2015-இல் தேசியத் தூய்மைப் பட்டியலில் மைசூருக்கு அடுத்து இரண்டாமிடம் பிடித்தது. 2016-இல் மைசூர், சண்டிகருக்கு அடுத்து மூன்றாமிடம்.

'ஒருமனதாக' என்னும் பொய்

கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் அடிக்கடி கண்ணில் படும் வாசகம் 'ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது'. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. குறைந்தபட்ச வருகை எவ்வளவு என்பதற்கும் விதி உண்டு: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. எண்ணிக்கை நிறைந்தால் கூட்டம் செல்லும். பேசியது யார் என்பதை எந்த விதியும் கேட்பதில்லை.

ஊர் ஒற்றுமை என்ற பெயரில் நடந்த அநீதிகளைத் தமிழ்நாடு நன்றாக அறியும். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதை ஏற்க மறுத்து, 1996 முதல் பத்தாண்டுகள் 'ஊர் முடிவு' தேர்தலையே முடக்கிப் போட்டது. 2006-இல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். 2019 உள்ளாட்சித் தேர்தலின்போது கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனதாகச் செய்தி வந்தது. ஏலம் எடுத்தவரை ஊரே போட்டியின்றி ஏற்பதும் வெளிப்பார்வைக்கு ஒருமித்த முடிவுதான்.

பயத்தால் வாய் மூடியவரின் மௌனத்தையும் சம்மதத்தையும் ஒரே கணக்கில் எழுதுவது மிகப் பெரிய கொடுமை. அதனால்தான் பங்கேற்பு முறைகளில் தேர்ந்தவர்கள் முதல் கூட்டத்தையே பல கூட்டங்களாகப் பிரிக்கிறார்கள். பெண்கள் தனியே, இளைஞர்கள் தனியே, நிலமில்லாதவர்கள் தனியே, காலனித் தெருவில் தனியே. ஒவ்வொரு குழுவும் தன் படத்தையும் தன் வரிசையையும் தயாரித்த பிறகே எல்லாப் படங்களும் ஒரு தரையில் சேரும். அப்போது பேசப்போவது தனி ஆள் அல்ல, ஒரு குழு. சொன்னதற்காக ஒருவரைப் பழிவாங்குவது அத்தனை சுலபமாக இருக்காது.

கூடத்தில் அமர்ந்த பொறியாளர்கள்

மக்களை உட்காரவைப்பது இருக்கட்டும், அதிகாரிகள் தங்களுக்குள் சமமாக உட்காருவார்களா? தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தில் 2004-இல் அந்தச் சோதனை நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் கடும் வறட்சியில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றிப்போயிருந்தன. போட்ட திட்டங்களே தண்ணீரின்றி நின்றன. ஐ.ஏ.எஸ். அதிகாரி விபு நாயர், மனித உரிமை வழக்கறிஞர் வி. சுரேஷ் ஆகியோரின் முன்னெடுப்பில் வாரியப் பொறியாளர்கள் 'கூடம்' என்ற பெயரில் வட்டமாக அமர்ந்து பேசத் தொடங்கினார்கள்.

நம் பழைய வீடுகளில் கூடம் என்பது எல்லோரும் சேரும் இடம். வாரியத்தின் கூடத்திலும் அதுவே விதியானது. தலைமைப் பொறியாளருக்குத் தனி நாற்காலியோ மேடையோ கிடையாது. இளநிலைப் பொறியாளர் பேசும்போது குறுக்கே யாரும் பேசக்கூடாது. வாக்கெடுப்பும் இல்லை. அதிகாரப் படிக்கட்டில் ஊறிய துறையில் இது சாதாரண மாற்றமல்ல. அங்கே பிறந்த மறைமலை நகர் பிரகடனத்தில் புதிய கிணறு தோண்டுவதை முதல் தீர்வாகப் பார்க்காமல், இருக்கும் திட்டங்களைச் செப்பனிடுவதற்கும் நீராதாரங்களைக் காப்பதற்கும் பொறியாளர்கள் உறுதி ஏற்றார்கள். அதற்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளில் அவர்களே போய் மக்களோடு அமர்ந்தார்கள். தாங்கள் சமமாக அமர்ந்து பழகியவர்களுக்குத்தான் பிறரைச் சமமாக அமர்த்தத் தெரியும் என்ற நம்பிக்கையே அந்த வரிசையைத் தீர்மானித்தது.

ஒரே ஆறு, இரண்டு கரை

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. நடுவே ஸ்ரீரங்கம் தீவு. இந்த ஆற்றின் மேல்கரைக்காரர்களும் கீழ்கரைக்காரர்களும் ஒருவரை ஒருவர் எதிரியாகப் பார்த்த உச்சக்கட்டங்களில் ஒன்று 2002. மழை பொய்த்தது, அணைகள் காய்ந்தன, கர்நாடகம், தமிழ்நாடு இரண்டிலும் போராட்டம் வெடித்தது. அதற்கடுத்த ஆண்டு, 2003-இல், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் முயற்சியில் இரு மாநில விவசாயிகளும் ஒரே அறையில் சந்தித்தார்கள். 'காவிரிக் குடும்பம்' பிறந்தது. காவிரி வழக்கில் டெல்டா விவசாயிகளின் குரலாக நீண்டகாலம் ஒலித்த மன்னார்குடி ரங்கநாதன் ஒரு பக்கம். கர்நாடக விவசாய சங்கத் தலைவர் புட்டண்ணையா மறுபக்கம்.

அவர்கள் அமர்ந்து பேசியதோடு நிற்கவில்லை. டெல்டா விவசாயிகள் கர்நாடகத்துக்குப் போய் அணைகளையும் வயல்களையும் பார்த்தார்கள். அங்கிருந்து வந்தவர்கள் வெடித்துக் கிடந்த நாற்றங்கால்களைத் தொட்டுப் பார்த்தார்கள். ஊரை ஒன்றாகச் சுற்றிப் பார்க்கும் அந்தக் கூட்டு நடைதான் இங்கே இரு மாநில அளவில் விரிந்தது. "தண்ணீரை ஒளித்துவைத்திருக்கிறார்கள்" என்ற சந்தேகமும் "அவர்கள் வீணாக்குகிறார்கள்" என்ற சந்தேகமும் நேரில் பார்த்தபின் பழைய வேகத்தில் எழ முடியாது.

காவிரிக் குடும்பம் பங்கீட்டைத் தீர்த்துவைக்கவில்லை. 2007-இல் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பும், 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பும், அதே ஆண்டு மேலாண்மை ஆணையமும்தான் சட்டப்படியான முடிவைத் தந்தன. அரசுகள் ஏற்காத வரை விவசாயிகளின் ஒப்பந்தத்துக்கு அமலாக்கும் பலம் இல்லை. என்றாலும், பேச்சுவார்த்தை என்ற சொல்லே துரோகமாகப் பார்க்கப்பட்ட ஆண்டுகளில் விவசாயிகள் தொடர்ந்து சந்தித்தார்கள். பற்றாக்குறை ஆண்டுகளில் இழப்பை எப்படிப் பகிர்வது என்ற கேள்வி, தீர்ப்புக்குப் பிறகும் ஒவ்வொரு வறண்ட கோடையிலும் திரும்ப வருகிறது. விவசாயிகளின் அந்த உரையாடலைப் பின்னர் கைவிட்டது இரு மாநிலங்களுக்கும் இழப்பு.

எரிச்சல் வரும் நேரம்

குழு முடிவுகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்கர் சாம் கேனர், எந்தக் கூட்டத்திலும் ஒரு கட்டம் வரும் என்கிறார். கருத்துகள் எல்லாம் கொட்டப்பட்டிருக்கும், ஒன்றும் பொருந்தாது, எல்லோருக்கும் எரிச்சல் ஏறும். அப்போதுதான் தலைவர்கள் பொறுமை இழந்து "சரி, ஓட்டுக்கு விடுவோம்" என்பார்கள். ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளும் வேலை உண்மையில் அந்த எரிச்சலுக்குள்தான் நடக்கிறது. அதைத் தாங்கும் ஒருங்கிணைப்பாளர் இருந்தால் கூட்டம் தப்பிக்கும்.

அவர் தந்த இன்னொரு கருவி, சம்மதத்தைப் படிப்படியாக அளப்பது. 'முழு மனதோடு ஏற்கிறேன்', 'குறை உண்டு, ஆனாலும் ஏற்கிறேன்', 'எனக்குப் பிடிக்கவில்லை, தடுக்க மாட்டேன்', 'இதை என்னால் ஏற்கவே முடியாது' என்று தனித்தனியாகக் கேட்டால் ஆம்-இல்லை மறைக்கும் உண்மை வெளியே வரும். நூறு பேரில் அறுபது பேர் 'தடுக்க மாட்டேன்' என்ற படியில் நின்றால் அந்தத் திட்டம் ஆறு மாதம் தாங்காது. அமெரிக்காவில் டெல்பெக், வான் டி வென் இருவரும் உருவாக்கிய முறை இன்னும் எளிமையானது. முதலில் யாரும் பேசக்கூடாது, ஒவ்வொருவரும் தன் யோசனையை எழுதவேண்டும். பிறகு வட்டமாக ஒவ்வொன்றாக வாசித்து, விளக்கம் கேட்டு, தனித்தனியே வரிசைப்படுத்தவேண்டும். சத்தமாகப் பேசுகிறவருக்கு முதல் வாய்ப்பு போகாமல் தடுக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. எழுதத் தெரியாதவர்களுக்குப் புளியங்கொட்டை இருக்கிறது.

மலைக்கோட்டை அடிவாரத்தில்

நகரங்களிலும் மக்கள் கூடிப் பேசுவதற்கு இப்போது சட்டப்படியான இடம் உண்டு. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, தமிழக நகரங்களில் முதன்முதலாகப் பகுதி சபைகள் கூடின. திருச்சி மாநகராட்சியில் 65 வார்டுகள். ஒவ்வொரு வார்டிலும் பல பகுதிகள். மனுக்களை வாங்கி ரசீது கொடுக்கும் முகாமாக இவை சுருங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. மனு தனி ஆளின் குறை. மனுக்கள் ஆயிரம் சேர்ந்தாலும் அவற்றிலிருந்து தெருவின் பொது முடிவு பிறக்காது.

சோதித்துப் பார்க்கச் சிக்கலான இடம் ஒன்று மலைக்கோட்டை அடிவாரத்திலேயே காத்திருக்கிறது. என்.எஸ்.பி. ரோடு, தெப்பக்குளம், பெரிய கடைவீதிப் பகுதியில் தரைக்கடை வியாபாரிகளுக்கும் ஜவுளி, நகைக் கடைக்காரர்களுக்கும் நடந்துபோகிறவர்களுக்கும் இடையிலான இழுபறி தீபாவளிக்குத் தீபாவளி முற்றுகிறது. காவல்துறை அகற்றுகிறது, வியாபாரிகள் மறியல் செய்கிறார்கள், சில நாளில் கடைகள் திரும்ப முளைக்கின்றன. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்கவேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சட்டம் நாற்காலி கொடுத்திருக்கிறது. எப்படிப் பேசுவது என்பதை அது சொல்லித் தரவில்லை.

பூக்காரப் பெண்களும் ஜவுளிக்கடை முதலாளிகளும் மலைக்கோட்டைக்கு வரும் பக்தர்களும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களும் ஒருநாள் அதிகாலையிலும் ஒருநாள் மாலை நெரிசலிலும் அந்தச் சாலையைச் சேர்ந்து நடந்து பார்க்கட்டும். ஒவ்வொரு கடையும் எத்தனை அடி பிடிக்கிறது, எந்த நேரத்தில் எவ்வளவு கூட்டம் என்பதைத் தரையில் வரைந்து எல்லோரும் ஒத்துக்கொள்ளட்டும். தரைக்கடைப் பெண்கள் முதலில் தனியாகப் பேசட்டும். வரும் ஏற்பாட்டை ஒரே ஒரு தெருவில் மூன்று மாதம் ஒத்திகை பார்த்து, மறுபரிசீலனைத் தேதியையும் அன்றே எழுதிவைக்கட்டும். ஒருங்கிணைக்க ஆள் தேடி வெளியூர் போகவேண்டியதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொதுக் கழிப்பறை நடத்தி, காசு வசூலித்து, சண்டை தீர்த்து, கணக்கு காட்டிவரும் குடிசைப் பகுதிப் பெண்கள் குழுக்கள் இதே மாநகராட்சி எல்லைக்குள் இருக்கின்றன. அவர்களுக்கு மதிப்பூதியம் கொடுத்து, பகுதி சபைகளுக்கும் விற்பனைக் குழுவுக்கும் பயிற்சியாளர்களாக மாநகராட்சி அழைக்கவேண்டும். அடுத்த தீபாவளிக் கூட்டம் கடைவீதியில் நிரம்புவதற்குள் முதல் நடையைத் தொடங்கிவிட முடியும்.